முதலில் அந்த ஒரு வயரைக் கழற்றிப் பாருங்கள்

இம்முறை, ஆழமான பேஸ் சத்தத்தை மட்டும் பாடும் சப்வூஃபர் பெட்டி பற்றி வந்த கேள்விகளை மட்டும் சேர்த்து எடுத்திருக்கிறேன். அதற்குக் காரணம் உண்டு. போன கிழமை யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் இருக்கும் என் திருத்தகத்துக்கு நான்கு சப்வூஃபர் வந்தன. மோட்டார் சைக்கிளின் பின்சீட்டில் கயிறு போட்டுக் கட்டி, மத்தியான வெயிலில் கொண்டுவந்து இறக்கினார்கள். மேசையில் வைத்து என் கைப்பேசியில் இருந்து ஒரு பாட்டைக் கொடுத்தேன். நான்கில் மூன்று, மேசையில் கிடந்த ஆணிகள் துள்ளும் அளவுக்கு நன்றாகப் பாடின. பழுது பெட்டியில் இல்லை, அவர்களுடைய வீட்டில் வேறு எங்கோ இருந்தது. அந்த அலைச்சலும் செலவும் உங்களுக்கு வரக்கூடாது.

கேள்வி: அண்ணை, எங்கள் வீட்டில் ஐந்து ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும் உள்ள 5.1 செற் ஐந்து வருடமாக ஒரு குறையும் இல்லாமல் இருந்தது. இரண்டு மாதமாகச் சப்வூஃபரில் இருந்து ‘ம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் நிற்பதில்லை. ரவுணில் ஒரு கடையில் கேட்டோம். அம்பிளிஃபயர் போய்விட்டது, உள்ளே இருக்கும் சேர்க்கிட் போட் முழுக்க மாற்ற வேண்டும் என்கிறார்கள். மாற்றலாமா?
— ஒரு வாசகர், கொக்குவில்

பதில்: பொறுங்கள் தம்பி. காசைக் கொடுக்க முதல் ஐந்து நிமிட வேலை ஒன்று இருக்கிறது.

சுவரில் சப்வூஃபரின் சுவிச்சை அணையுங்கள். ரிசீவரில், அதாவது எல்லா ஸ்பீக்கருக்கும் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியில் இருந்து, சப்வூஃபருக்கு வரும் ஒற்றை வயரை, நடுவில் ஊசி போல ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கும் ஆர்.சி.ஏ. வயரை, சப்வூஃபரின் பின்பக்கத்தில் இருந்து கழற்றுங்கள். கரண்ட் வயர் அப்படியே இருக்கட்டும். பின்பக்கத்தில் ‘ஓட்டோ’, ‘ஒன்’ என்று ஒரு சின்னச் சுவிச் இருந்தால் அதை ‘ஒன்’ பக்கம் தள்ளுங்கள். இல்லாவிட்டால் பெட்டி தானாகத் தூங்கிவிடும், இரைச்சல் நின்றுவிட்டது என்று நீங்கள் ஏமாந்துவிடுவீர்கள். இப்போது சுவிச்சைப் போட்டுவிட்டுக் கேளுங்கள்.

இரைச்சல் நின்றுவிட்டதா? அப்படியானால் உங்கள் அம்பிளிஃபயருக்கு ஒன்றும் இல்லை. வயரோடு வந்த இரைச்சலை அது உண்மையாக எடுத்துச் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறது, அவ்வளவுதான். பழைய டிவிடி பிளேயரின் சிவப்பு வெள்ளை வயர் ஒன்று எல்லார் வீட்டு அலுமாரியிலும் கிடக்கும். அதைக் கொடுத்துப் பாருங்கள். புது வயரில் இரைச்சல் இல்லை என்றால், பழைய வயரின் மேல் வலை எங்கோ அறுந்திருக்கிறது. அந்த வலைதான் உள்ளே போகும் கம்பியைச் சுற்றி நின்று, வெளியே இருந்து வரும் கரண்டின் இரைச்சலைத் தடுப்பது. பெரும்பாலும் முனைக்குக் கிட்டவே, வயரை மடக்கி அலுமாரிக்குப் பின்னால் திணித்த இடத்திலேயே அறும்.

வயர் மாற்றியும் இரைச்சல் வருகிறது என்றால் எர்த்தைப் பார்க்க வேண்டும். உங்கள் செற்றுக்கு எர்த் இரண்டு வழியால் வந்துகொண்டிருக்கலாம். ஒன்று சுவர் பிளக் வழியாக. மற்றது கூரையில் இருக்கும் டிஷ்ஷின் வயர் வழியாக, அல்லது தெருவில் இருந்து வரும் கேபிள் ரிவி வயர் வழியாக. இந்த இரண்டு எர்த்துக்கும் இடையில் ஒரு சின்ன வோல்ற் வித்தியாசம் இருந்தாலே போதும், ஆர்.சி.ஏ. வயரின் வலை வழியாக ஒரு மெல்லிய கரண்ட் ஓடத் தொடங்கும். நமது கரண்டின் அதிர்வு 50 ஹேர்ட்ஸ். ரிவிக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்பீக்கர்களால் அந்த ஆழத்தில் பாட முடியாது. சப்வூஃபருக்கோ அதுதான் சொந்த வீடு. ஆகவே மற்ற ஸ்பீக்கர்கள் பேசாமல் இருக்க, இது மட்டும் முனகும். அதனால்தான் எல்லாரும் சப்வூஃபரைப் பழி சொல்கிறார்கள்.

சோதிப்பது சுலபம். செற்டொப் பெட்டியின் பின்னால் திருகியிருக்கும் டிஷ் வயரை, பெட்டியின் கரண்டை அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். ரிவிக்கு அன்டெனா வயர் வந்தால் அதையும் கழற்றுங்கள். இரைச்சல் பட்டென்று நின்றால் கள்ளன் பிடிபட்டான். பிறகு முதல் வேலையாக ரிவி, ரிசீவர், செற்டொப் பெட்டி, சப்வூஃபர் எல்லாவற்றையும் நல்ல எக்ஸ்ரென்ஷன் ஒன்றில், ஒரே சுவர் பிளக்கில் இருந்து எடுங்கள். சப்வூஃபர் மூலையில் இருக்கிறது, அங்கே வேறு பிளக் இருக்கிறது என்று அதில் செருகியிருப்பீர்கள். பல வீடுகளில் இந்த மாற்றத்தோடு விஷயம் முடிந்துவிடும். முடியாவிட்டால் ஆர்.சி.ஏ. வயரின் நடுவில் போடும் ஐசொலேற்றர் என்ற சின்ன ட்ரான்ஸ்போமர் விற்கிறார்கள், அதைப் போடலாம். ஆனால் மிக மலிவானதை வாங்காதீர்கள். அதற்குள் இருக்கும் இரும்பு மெத்தச் சின்னது, ஆழமான பேஸையும் சேர்த்து வடித்துவிடும். இரைச்சல் போகும், படத்தில் இடியும் போகும்.

இன்னொன்றைக் கெஞ்சிக் கேட்கிறேன். பிளக்கின் எர்த் முனையைக் கழற்றினால் இரைச்சல் நிற்கும் என்று யாராவது சொன்னால் செய்யாதீர்கள். உண்மைதான், சில வேளை நிற்கும். ஆனால் உள்ளே ஒரு கம்பி கழன்று இரும்புச் சட்டத்தில் தொட்டால், அந்தக் கரண்ட் போவதற்கு இருந்த ஒரே வழியை நீங்கள் அடைத்துவிட்டீர்கள். அடுத்து அந்தப் பெட்டியைத் தூசு தட்டப் போகிறவர் உங்கள் அம்மாவாக இருப்பார்.

சரி, வயரைக் கழற்றிய பிறகும் இரைச்சல் நிற்கவில்லை என்றால்? அப்போது பழுது உள்ளேதான். அப்போதும் போட் முழுக்க மாற்றச் சம்மதிக்க முதல் காதைக் கிட்டக் கொண்டுபோய்க் கேளுங்கள். விரல் நுனியைக் கோனின், அதாவது ஸ்பீக்கரின் முன்னால் அதிரும் கிண்ணம் போன்ற பகுதியின், மேல் மெல்ல வையுங்கள். கோன் நடுங்காமல், பெட்டியின் பின்பக்கம் மட்டும் முனகினால், அது ட்ரான்ஸ்போமரின் இரும்பு நடுங்கும் சத்தம். திருகாணி தளர்ந்திருக்கும், பயப்பட ஒன்றும் இல்லை. கோன் நடுங்குகிறது, சத்தமும் ஆழமான ‘ம்ம்ம்’ ஆக இல்லாமல், அதற்கு ஒரு ஸ்தாயி மேலே, ‘ர்ர்ர்’ என்று கொஞ்சம் சொரசொரப்பாக இருக்கிறது என்றால், அது 100 ஹேர்ட்ஸ். கரண்டை நேராக்கும் இடத்தில், அதைச் சேர்த்து வைத்துச் சீராகக் கொடுக்கும் கப்பாசிற்றர்கள் வற்றிவிட்டன.

இதைக் கண்ணாலேயே காணலாம். திருத்துபவர் திறக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். சோடா மூடி அளவு அகலத்தில், கறுப்பு அல்லது நீல உறை போட்ட பெரிய உருளைகள் இரண்டு எழும்பி நிற்கும். அவற்றின் தலை காசு போலத் தட்டையாக இருக்க வேண்டும். தலையில் சிலுவை போல ஒரு கீறல் இருக்கும். அந்தக் கீறல் உப்பி, பொங்கிய அப்பத்தின் நடுவைப் போல மேலே வந்திருந்தால், அல்லது காலடியில் மண்ணிறமாக ஏதாவது கசிந்து காய்ந்திருந்தால், மாற்ற வேண்டியது அந்த இரண்டைத்தான். அதே மைக்ரோஃபரட், அதே வோல்ற் அல்லது அதற்குக் கொஞ்சம் கூட, 105 பாகை என்று எழுதியது. இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். போட்டின் விலையோடு பார்த்தால் அது மிகச் சின்னக் காசு.

ஐந்து வருடத்தில் ஏன் வற்றியது என்று கேட்பீர்கள். சூடு. இந்த வகைக் கப்பாசிற்றருக்குச் சூடு 10 பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது எங்கள் தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. நம்முடைய சித்திரை வெயிலில் ரிவி அலுமாரிக்குள் அடைத்து, மேலே ஒரு சீலையும் போட்டு மூடினால் அது என்ன செய்யும்? வெளியே எடுத்து, சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

நீங்களாக மட்டும் திறக்க வேண்டாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கரண்ட் தங்கி நிற்கும்.

கேள்வி: நேற்று இரவு வரை நன்றாகப் பாடிய சப்வூஃபர் இன்று காலையில் செத்துக் கிடக்கிறது. சத்தமும் இல்லை, லைற்றும் இல்லை.
— குருநகர்

பதில்: அதே எக்ஸ்ரென்ஷனில் கைப்பேசி சார்ஜரைப் போட்டு முதலில் பிளக்கைச் சோதியுங்கள். பிறகு கரண்ட் வயர் செருகும் துளைக்குக் கிட்ட ஒரு சின்ன மூடி அல்லது இழுப்பறை இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதைத் திறந்தால் கண்ணாடிப் பியூஸ் ஒன்று இருக்கும். உள்ளே கம்பி அறுந்திருந்தால், அதன் உலோக முனையில் என்ன எழுதியிருக்கிறதோ அதையே வாங்கிப் போடுங்கள். ‘டி’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது மெதுவாக எரியும் வகை, அதையும் சொல்லிக் கேளுங்கள். புதுப் பியூசும் போட்ட உடனே போனால் மூன்றாவதைப் போடாதீர்கள், சிகரெட் பெட்டியின் வெள்ளித் தாளையும் சுற்றாதீர்கள். உள்ளே எதுவோ ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு நிற்கிறது.

அந்த ‘எதுவோ’ நம் ஊரில் பல வேளை பல்லி. இரண்டு வருடத்துக்கு முதல் பாஷையூரில் இருந்து ஒரு பெட்டி இப்படித்தான் வந்தது. திறந்தேன். பின்பலகையில் போட், போட்டில் ஒரு ஊதா நிறச் சூட்டுத் தடம், அதன் நடுவில் ஒரு பல்லி, முன்கால் ஒரு சோல்டர் புள்ளியிலும் வயிறு மற்றப் புள்ளியிலும் ஒட்டியபடி அப்படியே காய்ந்து கிடந்தது. கொஞ்சம் தள்ளி மூலையில், பஞ்சுக்குள் இரண்டு வெள்ளை முட்டைகள், உடையாமல். பாவம், குற்றம் அதனுடையது அல்ல. சப்வூஃபர் தூங்கும்போதும் உள்ளே இளஞ்சூடு இருக்கும், வாடைக்காற்று வீசும் மாதங்களில் அதைவிட நல்ல இடம் அதற்கு எங்கே கிடைக்கும். காற்றுப் போவதற்கு வைத்த வட்டத் துளையால் நேரே உள்ளே போய்விடுகிறது. கரப்பொத்தானும் எறும்பும் போவதும் அந்த வழியால்தான்.

துளையை நிரந்தரமாக அடைக்காதீர்கள், பேஸ் செத்துவிடும். ஊருக்குப் போகும்போது, அல்லது சில கிழமை பாவிக்காமல் விடும்போது, பிளக்கைப் பிடுங்கிவிட்டு ஒரு பழைய துணியை உருட்டித் துளையில் வையுங்கள். துணியின் ஒரு முனை வெளியே தொங்கட்டும். அப்போதுதான் திரும்பி வந்து படம் போடும்போது எடுக்க மறக்க மாட்டீர்கள்.

கேள்வி: புது ரிவி வாங்கினோம். அதில் இருந்து ஒப்டிகல் வயரால் பழைய 5.1 ரிசீவருக்குச் சத்தம் போகிறது. பாட்டும் பேச்சும் நன்றாகக் கேட்கிறது, சப்வூஃபர் மட்டும் ஊமையாகிவிட்டது. ரிவி வாங்கிய கடையில் கேட்டால் சப்வூஃபர் பழுது என்கிறார்கள்.
— ஓர் ஆசிரியை, சாவகச்சேரி

பதில்: ரீச்சர், ரிவி மாறிய அன்றே சப்வூஃபரும் தற்செயலாகப் பழுதாகியிருக்கும் என்று நான் நம்பவில்லை. ரிசீவரின் மெனுவில் ‘டெஸ்ட் டோன்’ என்று ஒன்று இருக்கும். அதை அழுத்தினால் ஒவ்வொரு ஸ்பீக்கராக ‘ஷ்ஷ்’ என்று ஒரு சத்தம் சுற்றி வரும். சப்வூஃபரின் முறை வரும்போது அது மெல்லிய குமுறலாகக் கேட்டால், பெட்டியும் வயரும் ரிசீவரும் மூன்றும் சரி. பழுது எங்கே என்ற கேள்வி அந்த இடத்திலேயே முடிந்தது. இனி மெனுவில் தேட வேண்டியதுதான்.

5.1 என்பதில் அந்தப் புள்ளி ஒன்று இருக்கிறதே, அது சப்வூஃபருக்கென்று தனியாக எழுதப்பட்ட தடம். 120 ஹேர்ட்ஸ் வரையான ஆழ்ந்த சத்தங்கள் மட்டும் அதில் வரும். வெடி, இடி, கட்டடம் விழும் சத்தம். உங்கள் புது ரிவி, கடையில் இருந்து வந்தபடி, எல்லாத் தடங்களையும் இரண்டாக மடித்து ‘பி.சி.எம்.’ என்ற வகையில் ஒப்டிகல் வயருக்குள் அனுப்புகிறது. அப்படி மடிக்கும்போது அந்தப் புள்ளி ஒன்றைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். ரிவியின் சத்த அமைப்புகளுக்குள் போய், டிஜிட்டல் வெளியீடு என்ற இடத்தில் ‘பி.சி.எம்.’ ஐ எடுத்துவிட்டு ‘பிட்ஸ்ட்ரீம்’ அல்லது ‘பாஸ்த்ரூ’ என்று போடுங்கள். பிறகு 5.1 உள்ள படம் ஒன்றை ஓடவிட்டு, ரிசீவரின் முகப்பில் ‘டோல்பி டிஜிட்டல்’ என்று எழுத்து வருகிறதா என்று பாருங்கள். வந்தால் சரி.

ஆனால் சாதாரண ரிவி நிகழ்ச்சிகளும் பழைய பாட்டுகளும் இரண்டு தடத்தில்தான் வரும். அவற்றின் பேஸ் சப்வூஃபருக்குப் போக வேண்டும் என்றால் ரிசீவரில் இன்னொரு திருத்தம் வேண்டும். முன் ஸ்பீக்கர்களின் அளவைக் கேட்கும் இடத்தில் ‘லார்ஜ்’ என்று இருந்தால் ‘ஸ்மோல்’ என்று மாற்றுங்கள். என்னுடைய ஸ்பீக்கர் பெரியதுதானே, ஏன் ஸ்மோல் போட வேண்டும் என்று பலர் இதில் மனம் நோகிறார்கள். அந்தச் சொல் ஸ்பீக்கரின் பருமனைச் சொல்லவில்லை. ‘லார்ஜ்’ என்றால், பேஸை நானே பார்த்துக்கொள்கிறேன், சப்வூஃபருக்கு அனுப்பாதே என்று அர்த்தம். ‘ஸ்மோல்’ என்றால் ஒரு எல்லைக்குக் கீழே உள்ளதைச் சப்வூஃபரிடம் கொடு என்று அர்த்தம். அந்த எல்லையை 80 ஹேர்ட்ஸில் வையுங்கள். மிகச் சின்ன ஸ்பீக்கர் என்றால் 120. சப்வூஃபரின் முதுகிலும் அதே வேலைக்கு ஒரு திருகு இருக்கும். இரண்டு இடத்திலும் வெட்டக் கூடாது, முதுகில் உள்ளதை முழுக்க மேலே திருப்பி விடுங்கள்.

கேள்வி: சாமத்தில் மெதுவாகப் படம் பார்க்கும்போது சப்வூஃபர் தானாக நின்றுவிடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் ‘டக்’ என்று எழும்புகிறது.
— நல்லூர்

பதில்: பழுது இல்லை. வரும் சத்தம் மெல்லியதாக இருப்பதால் ஓட்டோ சுவிச் படம் முடிந்துவிட்டது என்று நினைக்கிறது. ரிசீவரின் மெனுவில் சப்வூஃபர் அளவைக் கொஞ்சம் கூட்டுங்கள், பெட்டியின் பின்னால் உள்ள சத்தத் திருகை அதே அளவுக்குக் குறையுங்கள். கேட்கும் சத்தம் மாறாது, வயருக்குள் வரும் சத்தம் மட்டும் பலமாகும். அல்லது ‘ஒன்’ இல் விட்டு, படுக்கப் போகும்போது சுவரில் அணையுங்கள்.

கேள்வி: எங்கள் வீடு கடலுக்குக் கிட்ட. ஒன்பது வருடப் பழைய சப்வூஃபர். மெதுவாக வைத்தால் பரவாயில்லை, கூட்டினால் பேப்பர் கிழிவது போலப் ‘பர்ர்’ என்கிறது. புதிது வாங்கத்தான் வேண்டுமா?
— பருத்தித்துறை

பதில்: உங்கள் கேள்வியில் எனக்குத் தனி விருப்பம். நான் இந்தத் தொழிலைப் பழகியது 1990க்குப் பிறகு, யாழ்ப்பாணத்தில் கரண்ட் இல்லாத வருடங்களில். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, ஒருவர் பெடலைச் சுற்ற, டைனமோவில் இருந்து நான்கு டயோட் வழியாகக் கரண்ட் எடுத்து றேடியோவில் செய்தி கேட்ட காலம். மாமா ஒருவர் கிழிந்த ஸ்பீக்கர்களை எடுத்து வைத்திருப்பார். ரிசு பேப்பரைக் கையால் கிழித்து, தண்ணீர் கலந்த பசையில் தோய்த்து, கோனின் கிழிசலில் ஒட்டக் கற்றுத் தந்தார். கத்தரிக்கோலால் வெட்டக் கூடாது, கையால் கிழித்தால்தான் ஓரம் நார்நாராக இருந்து கோனோடு சேரும் என்பார். அன்று தொடங்கி இன்று வரை ஸ்பீக்கர் ஒன்றை எறிய எனக்கு மனம் வருவதில்லை.

முன்பக்க வலையை மெல்லக் கழற்றுங்கள். கோனைச் சுற்றி, அதைச் சட்டத்தோடு பிணைக்கும் வளையம் தெரியும். அது ரப்பரா, போமா என்று பாருங்கள். ரப்பர் பளபளப்பாக, சைக்கிள் ரியூப் போல இருக்கும். போம் நுண்துளையோடு சாம்பல் நிறமாக இருக்கும். போம் என்றால் சுட்டுவிரலால் மிக மெதுவாகத் தொடுங்கள். நல்ல போம் பஞ்சு போல அமிழ்ந்து திரும்பி வரும். உக்கிய போம் பிசின் போல விரலில் ஒட்டும், அல்லது பழைய தேன்கூடு போலப் பொடிப்பொடியாக உதிரும். ஈரமும் சூடும் சேர்ந்த காற்று அதற்கு ஆகாது, உங்கள் பக்கத்தில் இரண்டுக்கும் குறைவில்லை. வளையம் மட்டும் போயிருந்தால் புது வளையம் ஒட்டலாம். வூஃபரின் விட்டத்தை மட்டும் பார்த்து வளையம் வாங்கக் கூடாது. கோனின் விட்டம், வளையத்தின் உள் விட்டம், வெளி விட்டம் மூன்றையும் அளந்துகொண்டு போங்கள்.

வளையம் நன்றாக இருக்கிறது என்றால் அடுத்தது. பெட்டியை மல்லாத்தி வைத்து, இரண்டு கையின் விரல்களையும் கோனில் சமமாக விரித்து, நெஞ்சு மூச்சு விடுவது போல மெதுவாக அமத்தி விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் அமத்தினால் நல்ல வூஃபரும் உரசும், ஆகவே சமமாக. உள்ளே இருந்து மணல் தேய்வது போல ‘சரக் சரக்’ என்று கேட்டால், கோனின் அடியில் இருக்கும் கம்பிச் சுருள், அதாவது கொயில், காந்தத்தில் உரசுகிறது. கொயில் கருகி உப்பியிருக்கலாம், அல்லது இடைவெளிக்குள் துரு விழுந்திருக்கலாம். உப்புக் காற்றில் துரு வருவது புதிதல்ல. மல்ரிமீற்றர் உள்ள ஒருவரைக் கொண்டு அளந்து பாருங்கள். 4 ஓம்ஸ் என்று எழுதிய வூஃபர் மீற்றரில் மூன்றரைக்குக் கிட்டக் காட்டும், 8 என்று எழுதியது ஆறுக்குக் கிட்டக் காட்டும். எழுதியதை விடக் குறைவாகக் காட்டுகிறதே என்று பயப்பட வேண்டாம், அதுதான் சரி. ஒன்றுமே காட்டாவிட்டால் கொயில் அறுந்துவிட்டது. மீற்றர் இல்லை என்றால், பெட்டியைத் திறக்கத் தெரிந்தவரைக் கொண்டு வூஃபரின் வயர்களைக் கழற்றி, மணிக்கூட்டு பற்றரி ஒன்றை அதன் இரண்டு முனையிலும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் ‘தொப்’ என்று அசைந்தால் கொயிலுக்கு உயிர் இருக்கிறது.

உரசல் இருந்தாலும் பெட்டியை எறியாதீர்கள். கொயில் சுற்றித் தருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கோயில் திருவிழாக்களுக்கு ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவர்களைக் கேளுங்கள், அவர்களுக்குத் தெரிந்திருக்கும். நல்லூரில் 25 நாள் திருவிழா நடக்கும் ஊரில் ஸ்பீக்கர் திருத்துகிறவருக்கு வேலை இல்லாமல் போகாது. அதே விட்டம், அதே ஓம்ஸ் உள்ள வேறு வூஃபரைப் போடவும் முடியும், ஆனால் அந்தப் பெட்டியின் கொள்ளளவு பழைய வூஃபருக்காகக் கணக்குப் பண்ணியது. சத்தம் வரும், பழைய சத்தம் வராது. என்னைக் கேட்டால் பழைய வூஃபரையே காப்பாற்றப் பாருங்கள்.

கேள்வி: அண்ணா கனடாவில் இருந்து வரும்போது நல்ல சப்வூஃபர் ஒன்று கொண்டுவந்தார். பிளக் பொருந்தவில்லை, கடையில் அடப்டர் வாங்கிப் போட்டுச் செருகினோம். ‘டப்’ என்றது. ஒரு மணம் வந்தது. அவருக்கு முன்னால் எல்லாருக்கும் கவலையாகப் போய்விட்டது.
— உரும்பிராய்

பதில்: அண்ணாவிடம் சொல்லுங்கள், இந்தப் பிழை நடந்த முதல் வீடு உங்களுடையது அல்ல. அடப்டர் மாற்றுவது பிளக்கின் முனையை மட்டும்தான், வோல்றை அல்ல. கனடாவில் 120 வோல்ற், 60 ஹேர்ட்ஸ். இங்கே 230 வோல்ற், 50 ஹேர்ட்ஸ். 230 வோல்ற்றை நேராக்கும்போது அது 325 வோல்ற் வரை ஏறும். அங்கே விற்கும் பல பெட்டிகளின் முன்வாசல் கப்பாசிற்றரில் 200 வோல்ற் என்றுதான் எழுதியிருக்கும். நீங்கள் கேட்ட ‘டப்’ பெரும்பாலும் அது வெடித்த சத்தம்.

ஆனால் மனம் விட வேண்டாம். இப்படி வந்த பெட்டிகளில் கரண்ட் உள்ளே வரும் வாசல் பகுதி மட்டும் கருகி, அம்பிளிஃபயர் பகுதி தப்பியிருப்பதைப் பல முறை கண்டிருக்கிறேன். பியூஸ், அதற்குப் பக்கத்தில் நிற்கும் வட்ட வில்லை போன்ற வாரிஸ்ரர், டயோட்கள், கப்பாசிற்றர்கள், இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். ‘போட் கிடைக்காது, எறியுங்கள்’ என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடம் காட்டுங்கள்.

திருத்திய பிறகு ஸ்ரெப் டவுன் ட்ரான்ஸ்போமர் வாங்கி அதன் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். பின்பக்க ஸ்ரிக்கரில் எத்தனை வாற்ஸ் என்று எழுதியிருக்கிறதோ, அதன் இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள். பெட்டிக்குள் பழைய வகைக் கனத்த ட்ரான்ஸ்போமர் இருந்தால், 60 ஹேர்ட்ஸுக்குச் செய்தது 50 இல் கொஞ்சம் கூடச் சூடாகும். முதல் நாள் ஒரு மணித்தியாலம் ஓடவிட்டுப் பின்பலகையைக் கையால் தொட்டுப் பாருங்கள். கை வைத்திருக்க முடியாத சூடு என்றால் நிறுத்தி, திருத்துபவரிடம் சொல்லுங்கள்.

வெளிநாட்டுச் சாமான் வரும் மற்ற வீடுகளுக்கும் சொல்கிறேன். லண்டன், பிரான்ஸ், சுவிஸ், ஜேர்மனி, நோர்வே, அவுஸ்திரேலியா, இங்கிருந்தெல்லாம் வருவதற்குப் பிளக் அடப்டர் போதும். கனடா, அமெரிக்கா என்றால் செருக முதல் ஸ்ரிக்கரை வாசியுங்கள். ‘100–240’ என்று இருந்தால் பயம் இல்லை. ‘120’ என்று மட்டும் இருந்தால் கையை எடுங்கள். சிலவற்றில் 115, 230 என்று சிவப்புச் சுவிச் இருக்கும். அதை மாற்றிய பிறகுதான் செருக வேண்டும்.

கேள்வி: இன்வேர்ட்டரில் போட்டால் மட்டும் சப்வூஃபர் ‘ஸ்ஸ்ர்ர்’ என்கிறது.
— வேலணை

பதில்: 2022 இல் 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டிய நாட்களில் பலர் அவசரத்துக்கு வாங்கிய மலிவு இன்வேர்ட்டர்களின் கரண்ட் அலை வழுவழுப்பாக இருக்காது, படிக்கட்டுப் போல ஏறி இறங்கும். அந்தப் படிகள்தான் உங்களுக்குக் கேட்கின்றன. ‘பியூர் சைன் வேவ்’ வகையில் இது வராது. அப்படி ஒன்று வாங்கும் வரை, கரண்ட் போனால் சப்வூஃபரைக் கழற்றிவிட்டு மற்ற ஸ்பீக்கர்களில் பாருங்கள். கரண்ட் திரும்பி வந்தாலும் ஐந்து நிமிடம் பொறுத்துச் செருகுங்கள், வரும்போது ஒரே அடியாக ஏறி இறங்குவது உண்டு.

கேள்வி: தம்பி, எனக்கு எழுபத்துநான்கு வயது. என் வீட்டில் சப்வூஃபர் இல்லை, பக்கத்து வீட்டில் இருக்கிறது. இரவு பத்து மணிக்குப் பிறகு என் யன்னல் கண்ணாடி கிடுகிடு என்கிறது. பேச்சு ஒன்றும் கேட்பதில்லை, அந்த அதிர்வு மட்டும் வருகிறது. பிள்ளைகள் நல்ல பிள்ளைகள், சண்டை பிடிக்க விருப்பம் இல்லை.
— வட்டுக்கோட்டை

பதில்: அம்மா, அந்தப் பிள்ளைகளுக்கு உங்கள் கஷ்டம் உண்மையிலேயே தெரியாமல் இருக்கும். 40 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை எட்டரை மீற்றர் நீளம். பேச்சைச் சுவர் தடுத்துவிடும், அந்த நீள அலையைத் தடுக்காது. சில வேளை அவர்களுடைய ஹோலில் கதிரை இருக்கும் இடத்தில் அது குறைவாகவும், வேலிக்கு இங்கால் உங்கள் அறையில் கூடுதலாகவும் இருக்கும். அவர்கள் பேஸ் காணாது என்று மேலும் கூட்டுவார்கள்.

இந்தப் பக்கத்தை அவர்களிடம் கொடுங்கள். தம்பிமார், சப்வூஃபரை உங்கள் மூலையில் இருந்து எடுத்து ஒரு கதிரை தள்ளி வையுங்கள், மூலைதான் அதிகமாகக் குமுற வைப்பது. சீமெந்து நிலத்தில் நேரே வைக்காமல் நான்கு காலுக்கும் கீழே பழைய ரயர் ரப்பர் துண்டு வையுங்கள். ரிசீவரில் ‘நைற்’ என்று ஒரு பொத்தான் இருக்கும், பத்து மணிக்குப் பிறகு அதை அழுத்துங்கள். வெடியும் இடியும் அடங்கும், பேச்சு தெளிவாக இருக்கும். பிறகு ஒருவர் சப்வூஃபருக்குப் பக்கத்தில் நின்று அதன் பின்னால் உள்ள சத்தத் திருகை மெல்லக் குறையுங்கள், மற்றவர் அம்மாவின் வீட்டுக்குப் போய் அந்த யன்னல் கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கைப்பேசியில் கதையுங்கள். நடுக்கம் நின்றது என்று அவர் சொல்லும் இடத்தில் அந்தத் திருகுக்குப் பக்கத்தில் பேனையால் ஒரு கோடு போட்டுவிடுங்கள். இரவில் திருகு அந்தக் கோட்டில் நிற்கட்டும்.